மூச்சுக் கொப்பி

கமலாசனி அனுப்பிய படத்தில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

நிசாந்தினி கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கொப்பியின் ஒரு பக்கத்தைக் கமலாசனி சற்றுச் சரிவாகப் படமெடுத்திருந்தார். நீலப் பேனை, உருண்டை உருண்டையான எழுத்து, திகதி, நேரம், மூச்செண்ணிக்கை என்று மூன்று நிரல்கள். பங்குனி பதினோராம் திகதி, பகல் பன்னிரண்டரைக்கு, முப்பத்தொன்று. பதின்மூன்றைத்தான் அவசரத்தில் இடம் மாற்றி எழுதிவிட்டார் என்று நிசாந்தினி தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அடுத்த நாள் முப்பத்திரண்டு. அதற்கடுத்த நாள் நாற்பத்தாறு.

பெட்டி பதினெட்டைத் தாண்டாது. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதுபோல ஏதாவது ஒன்றைக் காட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சின்னதாய் ஒரு மின்சுற்று, ஒரு பற்றறி, முகப்பில் பச்சையாய் எரியும் இரண்டு எண்கள். செய்தவர்கள் அவளும் அவளோடு நுண்கலை படித்த லக்ஷனும். செய்தவளுக்கே தெரியாமல் அது எங்கே போய்ப் புதுக் கணக்குப் படித்தது?

எஞ்சுமூச்சு அளவீட்டு மையம் என்று ஒன்று உலகத்தில் எங்கும் கிடையாது. அதை உண்டாக்கியவள் நிசாந்தினி. ஒரு சீல், ஒரு கடிதத் தலைப்பு, ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொங்க ஓர் அட்டை, மூன்று பக்கத்தில் ஒரு படிவம். நெடுங்காலம் ஒரு வீட்டில் படுத்தெழும்பியவரின் மூச்சு அந்த வீட்டுச் சுவரில் தங்கிவிடும் என்றும், அவர் உயிரோடு எங்கிருந்தாலும் அவர் மூச்சு விட விடச் சுவரும் கூடவே மூச்சு விடும் என்றும், அதை அளக்கக் கருவி வந்துவிட்டது என்றும் அதில் கூசாமல் எழுதியிருந்தாள். நாலு சூத்திரம், இரண்டு வரைபடம், அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் பிறக்காத பேராசிரியர்களின் பெயர்கள். எல்லாம் ஓமந்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து இருவருமாகச் சிரித்துச் சிரித்து எழுதியவை. காணாமல் போன பிள்ளையைத் தேடும் பதினொரு வீடுகளுக்குப் பெட்டியைக் கொடுப்பது. நூறு நாள் கழித்து அந்தச் சனம் நம்பி எழுதிய கொப்பிகளை வவுனியாவில் ஒரு மண்டபத்தில் அடுக்கி வைப்பது. சீல் குத்திய கடதாசியோடு யார் வந்தாலும் நாங்கள் ஏன் மறுபேச்சில்லாமல் எழும்பி நிற்கிறோம் என்று கேட்பது. அதுதான் அவளுடைய கலை.

கேள்வி நியாயமான கேள்விதான். அவளுடைய அப்பா ராசு மலையகத்திலிருந்து வெறுங்கையோடு வந்து ஓமந்தைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். எந்த அரசாங்கக் கந்தோர் எந்தக் கடதாசித் துண்டைக் கொடுத்தாலும் பிஸ்கட் பேணிக்குள் போட்டுப் பத்திரப்படுத்துவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். நாலு தரம் பதிந்து, நாலு தரமும் பெயர் விடுபட்டு, காணி உறுதியைக் கண்ணால் காணாமலே போய்ச் சேர்ந்தார். அந்த வயிற்றெரிச்சலில்தான் மகள் இந்த வேலையைத் தொடங்கினாள். ஆனால் எரிச்சல் கந்தோர்களின் மேல் இருக்க, பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததென்னவோ அப்பாவைப் போன்றவர்களின் வீட்டில். அது அவளுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

உறைத்தபோது லக்ஷன் கொழும்பில் வேலை கிடைத்துப் போயிருந்தான், தொலைபேசியும் எடுப்பதில்லை. ஆகவே தனியாகவே ஸ்கூட்டியில் போய்ப் பத்து வீட்டுக்கும் உண்மையைச் சொன்னாள். சிவனேஸ்வரி என்ற அம்மா பெட்டியைத் தூக்கிக் குளத்துக்குள் எறிந்தார். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்து முடியவில்லை. இன்னொருவர், வயதானவர், "அப்ப அந்தப் பதினாலு?" என்று மட்டும் கேட்டார். பொய் ஐயா என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அன்றைக்குக் கிளிநொச்சி வாடகை அறைக்குத் திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை. யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், இந்த வேலையைக் கேட்டு அவள் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை.

கமலாசனியை அவள் வேண்டுமென்றே கடைசிக்கு விட்டிருந்தாள். பதினொரு பேரிலும் கூடுதலாக நம்பியவர் அவர்தான். போரின் கடைசிச் சண்டையின்போது பாலத்தடியில், சனத்துக்குள், மகன் ஜெயந்தனின் கை அவருடைய கையிலிருந்து நழுவியது; அன்று தொடங்கிய தேடல். வாரம் தவறாமல் கொப்பியைப் படமெடுத்து அனுப்புவார். அந்தப் படங்களைத் திறந்து பார்க்க நிசாந்தினிக்கு வெட்கம். சனிக்கிழமை கண்காட்சி, இன்றைக்கு வியாழன், இனியும் தள்ளிப்போட முடியாதென்று இப்போதுதான் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தாள்.

கடைசிப் படத்தில் எண் இல்லை. நிரலுக்குக் குறுக்கே இப்படி இருந்தது: "எண்ண ஏலாமல் இருக்குது. மிஸ் ஒருக்கால் வந்தால் நல்லம்."

பரந்தன் சந்தியில் திரும்பி முரசுமோட்டைக்குப் போய்ச் சேரப் பதினொன்றரையாகிவிட்டது. சித்திரை வெயில். வீதியில் குஞ்சு குருமானும் இல்லை. காலபோக நெல் வெட்டி முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் வெறும் அரிதாளாகக் கிடந்தன. காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்கூட்டியை நிறுத்தியதும் அவளுடைய காதுக்குள் அவளுடைய இரத்தம் ஓடுவது கேட்டது. கமலாசனியின் வீடு கடைசி வீடு, பழைய சுவர்களோடு வீட்டுத்திட்டத்தில் திருத்திக் கொடுத்தது, பின்பக்கம் வயல். படலைக்கு வெளியே வடிகானுக்குள் கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உள்ளே அத்தனை நிழல் இருக்க, இதுகள் ஏன் வெயிலில் நின்று சாகின்றன என்று நினைத்தபடி அவள் படலையைத் திறந்தாள். ஒரு கோழியும் அவளோடு உள்ளே வரவில்லை.

வீட்டின் பக்கச் சுவரோரமாக நீளத்துக்குச் செம்புகள், ரின்பால் பேணிகள், சிரட்டைகள். எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம் ஈரம். யாரோ நிறையப் பேருக்குத் தண்ணீர் வைத்து, எல்லாரும் குடித்துவிட்டுப் போனது போல இருந்தது. செத்த வீடா, கோயில் காரியமா என்று யோசித்தாள். வளவில் ஒரு ஈ காக்கை இல்லை.

பிறகுதான் அந்தச் சுவரைப் பார்த்தாள்.

வீடு முழுவதும் வெயிலில் காய்ந்து வெளிறிப்போயிருக்க, மூலையறையின் வெளிச்சுவர் மட்டும் நனைந்திருந்தது. அடியிலிருந்து ஏறிய ஈரமல்ல. திட்டுத் திட்டாக, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், பெயின்ற் கொப்பளித்து உரிந்து. பெரும்பாலானவை ஓர் ஆளின் முகம் வரும் உயரத்தில் இருந்தன. சில கொஞ்சம் கீழே. இரண்டு மூன்று அவளுடைய முழங்காலுக்குச் சரியாக.

"வாங்கோ மிஸ்" என்றார் கமலாசனி வாசலில் நின்று. அறுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, தோய்த்துக் கட்டிய சேலை, நெற்றியில் திருநீறு. "இண்டைக்கு வருவீங்கள் எண்டு தெரியும்."

"நான் ஒருதருக்கும் சொல்லேல்லையே அம்மா?"

"நீங்கள் சொல்லேல்லைத்தான். அவையள் நேற்றுத் துவக்கம் இடிபட்டு முன்னுக்கு வரப் பாத்தவை. அதிலை விளங்கினது."

"ஆர் அம்மா?"

கமலாசனி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார். நிசாந்தினி கதிரையில் இருந்தாள். வீட்டுக்குள் ஒரு மணம். முதலில் பிடிபடவில்லை. பிறகு விளங்கியது: நெரிசலான பஸ்ஸுக்குள் வரும் மணம், நிறையச் சனம் நெடுநேரம் வாய் திறந்து மூச்சு விட்ட மணம். கமலாசனி இந்த வீட்டில் தனியாக இருப்பவர்.

தேத்தண்ணியோடு பெட்டியும் வந்தது. நிசாந்தினி அதை மடியில் வைத்து, திருப்புளி தேவைப்படாமல் நகத்தாலேயே மூடியைத் திறந்தாள். உள்ளே பற்றறி பொங்கி வெடித்து, வெள்ளைத் தூளாய்ப் பூத்து, கம்பிகளையெல்லாம் தின்றிருந்தது. அதன்மேல் சிற்றெறும்புகள் புற்று வைத்து, அந்தப் புற்றும் பழசாகிக் காய்ந்திருந்தது. இந்தப் பெட்டி எண் காட்டி மாதக்கணக்காகிறது.

"இது எப்பம்மா நிண்டது?"

"மாசிக் கடைசியிலை."

"அப்ப பங்குனியிலை எழுதின நம்பர்?"

"நான் எண்ணினது" என்றார் கமலாசனி, ஏதோ சோற்றை வடித்தது நான்தான் என்பது போல. "அளவை ஒருநாளும் இடையிலை விடக்கூடாதெண்டு படிவத்திலை கிடந்தது. பெட்டி நிண்டிட்டுதெண்டு நான் விடேலுமே? பக்கத்திலை இருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது பழகீட்டுது மிஸ். முதல் ஒரு மூச்சுத்தான். நிமிசத்துக்குப் பதினைஞ்சு, பதினாறு. ஆனால் அது என்ரை பிள்ளையின்ரை மூச்சில்லை. அவன் மூக்கடைப்புக்காரன், எனக்குத் தெரியாதே? வேறை ஆரோ. பிறகு ரெண்டாச்சுது. பிறகு மூண்டு."

நிசாந்தினி குடிக்க எடுத்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏழாவது விதி போட்டிருந்தீங்கள்தானே" என்று சொல்லிக்கொண்டே கமலாசனி அலுமாரியைத் திறந்து பிளாஸ்டிக் பையொன்றை எடுத்தார். எத்தனையோ ஆணைக்குழு, எத்தனையோ கந்தோர் கண்ட பை. லமினேட் பண்ணிய ஜெயந்தனின் படம், குடும்ப அட்டைப் பிரதி, கிராமத்து விதானையாரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. எந்த அதிகாரி படலையைத் திறந்தாலும் அவர் கேட்க முன்பே மேசைக்கு வரும் பை. எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய படிவம் இருந்தது. ஏழாவது விதியை அவள் மறந்தே போயிருந்தாள். ஆறு விதி என்றால் ஆரும் மதிக்காயினம், அரசாங்கத்துச் சாமான் மாதிரித் தெரிய இன்னொன்று போடு என்று லக்ஷன் சொன்னதும், அவள் யோசிக்காமல் கிறுக்கியதும் இப்போது ஞாபகம் வந்தன.

அறியாத மூச்சு உணரப்படுமிடத்து, பெயரும் முகவரியும் கேட்டுப் பதியப்படல் வேண்டும். அதிகாரி நேரில் கையொப்பமிடும் வரை அப்பதிவு முற்றுப்பெறாது.

"கேட்டன்" என்றார் கமலாசனி. "சொன்னவை."

கொப்பி ஒன்றல்ல, நாலு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் பெயர்கள். தகப்பன் பெயர், ஊர், வயது. பூநகரி, மல்லாவி, உடையார்கட்டு, ஓமந்தை. இருபத்திரண்டு, நாற்பது, பதினேழு. ஓரிடத்தில் வயதுக்கு நேரே இரண்டரை என்று இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் அதிகாரியின் கையொப்பம் என்ற கட்டம், வெறுமையாக.

"உங்கட கையெழுத்தில்லாமல் ஒருதரும் நிண்ட இடத்தை விட்டு அரக்கிறேல்லை மிஸ். அறைக்குள்ளை இடமில்லை, வெளியிலை வயலுக்குள்ளையும் நிக்கினம். பாவங்கள், தாகத்தோடை வருகினம், நான் தண்ணி வைக்கிறனான்." அவருடைய குரல் முதல் தடவையாக உடைந்தது. "என்ரை ஜெயந்தன் இன்னும் வரேல்லை. கேட்டுப் பாத்தனான். அவன் பின்னாலை நிக்கிறானாம். முன்னுக்கு நிக்கிறவை போனால்தானே அவன் கிட்ட வரலாம்?"

இந்த அம்மாவின் தலை கழன்றுவிட்டது, கழற்றியவள் நான்தான் என்று நிசாந்தினிக்கு நெஞ்சு பதறியது.  அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அப்பிடியொரு மையம் இல்லை. பெட்டி பொய். படிவம் பொய். நான் அதிகாரி இல்லை. சனம் எப்பிடி நம்புது எண்டு காட்டுறதுக்கு நான் செய்த வேலை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கமலாசனி கையை இழுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "எல்லாக் கந்தோரிலையும் முதல் இப்பிடித்தான் மிஸ் சொன்னவை. அப்பிடி ஒண்டும் இல்லை, நாங்கள் இல்லை, எங்களுக்குத் தெரியாது. பிறகு நாளைக்கு வா எண்டுவினம். நீங்கள் ஒரு ஆள்தான் வீடு தேடி வந்தனீங்கள்."

"செத்தவை வந்து பேர் சொல்லுவினமே அம்மா?"

"ஆர் செத்தது?" அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "மூச்சு விடுகினம். மூச்சிருந்தால் உயிரோடை இருக்கினம் எண்டுதானே உங்கட படிவத்திலை போட்டுக் கிடக்குது."

நிசாந்தினி மூலையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அறைக்குள் போய் இருந்து காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் இருந்து, வெளியே வந்து, ஒன்றுமே இல்லை அம்மா, ஒரு மூச்சும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதிகாரி என்றுதானே நம்புகிறார். அதிகாரியே இல்லையென்று சொன்னால் விட்டுவிடுவார். இந்தப் பொய்யிலிருந்து அவரை மீட்காமல் போனால் இனி ஒருநாளும் நிம்மதியாகப் படுக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது.

"நான் உள்ளுக்கு இருந்து பாக்கிறன் அம்மா. ஒண்டும் கேக்காட்டி நான் சொல்லுறதை நம்புவீங்களோ?"

"ஓம் மிஸ்" என்றார் கமலாசனி உடனே. முகம் மலர்ந்துவிட்டது. தை மாதம் மழையில் நனைந்ததென்று அவள் கழற்றி விட்டுப்போன வெள்ளைக் கோட்டைத் தோய்த்து, மடித்து, வைத்திருந்தார். பிள்ளைக்குச் சட்டை போட்டுவிடுவதுபோல அதைப் போட்டுவிட்டார். கொப்பிகளையும் பேனையையும் கையில் கொடுத்தார். "பன்னிரண்டாகப் போகுது. நான் வெளியாலை பூட்டுறன். விதி அப்பிடித்தானே."

அந்த விதியும் அவள் எழுதியதுதான்.

கதவின் கொண்டி விழுந்தது.

சின்ன அறை. ஒரு கட்டில், ஜெயந்தனுடையதாக இருக்க வேண்டும், சீலை விரித்துத் தலையணை வைத்திருந்தது. ஒரு மேசை, ஒரு கதிரை. கம்பி போட்ட ஒரு யன்னல், அதற்கு வெளியே வயல், வெயிலில் வெள்ளையாக. சுவர்கள் நாலும் நனைந்திருந்தன. அவள் கதிரையில் இருந்து, கொப்பிகளை மேசையில் வைத்து, கைபேசியில் நேரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. புழுக்கத்தில் கோட்டு முதுகோடு ஒட்டியது. வெளியே எங்கோ தூரத்தில் ஓர் உழவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு வந்த அமைதி சாதாரண மத்தியான அமைதிதான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கூரைத் தகரம் சூட்டில் டிக் என்றது. அதுவும் சாதாரணந்தான்.

தன்னுடைய மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. அதை எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. பயந்த மூச்சு. சிரிக்கப் பார்த்தாள். இப்படித்தான் அந்த அம்மாவும் தன்னுடைய மூச்சையே எண்ணியிருப்பார், பாவம், தனிமையில் இருக்கிற மனுசி. இதை வெளியே போய் அவருக்கு விளங்கப்படுத்தலாம் என்று நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு பரிசோதனைக்காக மூச்சைப் பிடித்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே. அவளுடைய இடது தோளுக்குப் பின்னால்.

திரும்பினாள். சுவர். ஈரம். வேறொன்றும் இல்லை.

காற்று என்று நினைத்தாள். யன்னலால் பார்த்தாள். வயலில் ஒரு அரிதாளும் அசையவில்லை. சுவர் ஓட்டைக்குள் ஏதோ பூச்சி, பல்லி, பாம்பு. எழும்பிப் போய்ச் சுவரில் காதை வைத்தாள். சீமெந்து சூடாக இருந்தது; வெயில் ஏறிய சூடல்ல, காய்ச்சல்காரரின் நெற்றிச் சூடு. காதுக்கு நேரே சுவர் மெதுவாக நனைந்தது. காய்ந்தது. நனைந்தது.

அவள் பின்னுக்கு நகர்ந்தாள். முதுகு எதிலோ முட்டியது. கதிரை இல்லை. கதிரை அந்தப் பக்கம்.

இப்போது எல்லாப் பக்கமும் கேட்டது. இளைத்த மூச்சு. ஓடி வந்த மூச்சு. சளி இழுக்கும் மூச்சு. கீழே, முழங்காலடியில், சின்னஞ்சிறு மூச்சு, வேகம் வேகமாக. ஒருவரும் கதைக்கவில்லை. ஒருவரும் தொடவில்லை. கந்தோர் வாசலில் விடியவே வந்து நிற்கும் சனத்தைப் போல, அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பொறுமையாக நின்றார்கள். அவளுக்கு அவர்கள் தெரியவில்லை. அவர்களுக்கு அவள் தெரிந்தாள்.

சொல்ல வேண்டும். இவர்களிடமும் சொல்ல வேண்டும். 

"இது பொய்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அப்பிடியொரு மையம் இல்லை. நான்தான் எழுதினது. என்னட்டை ஒண்டும் இல்லை. என்ரை கையெழுத்தாலை ஒண்டும் நடக்காது. போங்கோ."

மூச்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

அப்படியொரு அமைதியை அவள் அறிந்ததில்லை. அறை முழுக்கப் பிடித்து வைத்த மூச்சு. சுவருக்கு அப்பாலும். வயலிலும். இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எத்தனை நேரம் அப்படிப் போனதென்று அவளுக்குத் தெரியவில்லை; கைபேசியில் நேரம் மாறியது. பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. ஒரு மணி.

அவள் கதவுக்குப் பாய்ந்தாள். "அம்மா! ஒரு மணியாச்சுது. கதவைத் திறவுங்கோ!"

"எத்தினையாவது ஆள் மிஸ்?" கமலாசனியின் குரல் கதவோடு ஒட்டிக் கேட்டது. வாசலிலேயே காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அம்மா, கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஜெயந்தன் வந்த உடனை திறக்கிறன்." அவர் அழுதுகொண்டுதான் சொன்னார். "நான் பதினாறு வரிசம் நிண்டனான் மிஸ். உங்களாலை ஒரு பின்னேரம் இருக்கேலாதோ?"

கொண்டி அசையவில்லை. கத்தினாள். வீதியில் யார் இருக்கிறார்கள் கேட்க. கைபேசியில் லக்ஷனுக்கு எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிட்டாள்.

பிறகு கழுத்தில் சூடாக ஒன்று பட்டது. பிடித்து வைத்திருந்த மூச்சை யாரோ ஒருவர் தாங்காமல் விட்டிருந்தார். முதல் ஆள். வரிசையில் முதலில் நிற்பவர். அந்த மூச்சு காதடிக்கு வந்தது. விட்டு விட்டு வந்தது. எண்ணிப் பழகினால் விளங்கும் என்று கமலாசனி சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு பெயர். ஒரு தகப்பன் பெயர். ஓர் ஊர்.

அவள் கதிரையில் இருந்தாள். இருந்தது எப்படியென்று தெரியாது. முதல் கொப்பியைத் திறந்தாள். அந்தப் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. பேனை விரலுக்குள் வழுக்கியது. வெறுமையான கட்டத்தில் கையெழுத்து வைத்தாள்.

காதடியில் இருந்த சூடு அகன்றது. அவ்விடம் சட்டென்று குளிர்ந்தது. ஒரு நெஞ்சு நிறைய நிம்மதியாக மூச்சு விட்டு, யாரோ போனார்கள். எங்கே போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு இன்னொரு சூடு வந்து நின்றது.

"இன்னும் கனபேர் நிக்கினமோ மிஸ்?" என்றது கதவுக்கு அப்பால்.

நிசாந்தினி பேனையை அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள். யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாய் தானாகத் திறந்தது. அதிலிருந்து வந்த குரலில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. வேலை முடித்து வீட்டுக்குப் போக நினைக்கும் ஒரு கந்தோர்க்காரியின் குரல்.

"அடுத்த ஆள்."

வெளியே காற்றில்லாத வெயிலில் யன்னலடி அரிதாள் ஒரு காலடி அகலத்துக்கு மெல்ல மடங்கிப் படுத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. வரம்பு கடந்து, வாய்க்கால் கடந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வயல் முழுவதும் ஓரடி முன்னால் வந்து நின்றது.